பூஜ்ஜியத்தை ஒட்டிய மழையில் கேமராவும் கையும்

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் நகரத்தில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னைக்கு அது சுமார் 1,400. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனால், பிறகு வெயில் வந்து எல்லாவற்றையும் காயவைத்துவிடும். இங்கே குளிர்காலத்தில் அந்த வெயிலை நம்ப முடியாது. 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை 85 நாள், ஒரு நாள்கூட விடாமல் மழை பெய்த ஊர் இது. வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கும் 5 டிகிரி செல்சியஸுக்கும் நடுவிலேயே நிற்கும். காலையில் மழை, மதியம் பாதி உருகிய பனி, மாலையில் மறுபடி மழை. கூடவே கடற்காற்று. குடை உதவாது, பெருங்காற்று அடித்த மறுநாள் தெருவோரக் குப்பைத்தொட்டிகளில் கம்பி முறிந்த குடைகள் செருகிக் கிடக்கும்.

ஊரிலிருந்து நண்பர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: மைனஸ் இருபதில் கேமரா வேலை செய்யுமா? செய்யும். சொல்லப்போனால் அது சுலபமான வேலை. கடுங்குளிரில் விழும் பனி உலர்ந்தது. தூரிகையால் தட்டினால் உதிர்ந்துவிடும், எதற்குள்ளும் ஊறாது. பாடாய்ப் படுத்துவது பிளஸ் இரண்டு டிகிரிதான். நீர் நீராகவே இருப்பதால் இடுக்குக்கு இடுக்கு இறங்கும். காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் நனைந்த எதுவும் வெளியில் காயாது. அதே நேரத்தில் கையும் விறைத்துக்கொண்டே வரும்.

என் அனுபவத்தில், இந்த வானிலையில் கேமராவைக் கெடுப்பது மழையைவிட விறைத்த கைதான். விரல் மரத்தவர் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டுவிடுவார். பேட்டரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தடுமாறுவார். லென்ஸைத் துடைக்கச் சோம்பல்பட்டுச் சட்டை நுனியால் தேய்ப்பார். கடையில் விற்கும் மழை உறைகள் பலவற்றில் கேமராவுக்கு இடம் இருக்கிறது. கையுறை போட்ட கைக்கு இடம் இல்லை. அதனால்தான் கையையும் உள்ளே வைத்துக் காக்கிற மாதிரி ஓர் உறையை நானே தைத்தேன்.

கேமரா ஏற்கெனவே 'வெதர் சீல்டு', அதாவது மழையும் தூசியும் புகாதபடி அடைத்ததுதானே என்று கேட்கலாம். அந்தச் சொல்லுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் ஓஎம்-1 போல, தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்பதை ஐபி53 என்ற தரக்குறியீட்டு எண்ணோடு சொல்லும் கேமராக்கள் மிகக் குறைவு. மற்றவற்றில் ரப்பர் வளையம் எங்கே இருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் தயாரிப்பாளருக்கே வெளிச்சம். ஃபிளாஷ் மாட்டும் இடம், பேட்டரிக் கதவு, நீண்டு சுருங்கும் ஜூம் குழாய் ஆகிய மூன்றையும் நான் நம்புவதில்லை.

துணிக்கு ஒரு பழைய மழைக்கோட்டு போதும். இங்கே ஃப்ரெட்டெக்ஸ் என்ற பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். மலையேறுபவர்கள் போடும், காற்றுப் போகும் சவ்வுத் துணி வேண்டாம். அதன் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்துப்போகும். வியர்வை வெளியேற வேண்டிய அவசியமும் கேமராவுக்கு இல்லை. மீனவர்கள் போடுகிற, பாலியூரிதேன் பூசிய கெட்டிக் கோட்டுதான் சரி. இந்த மாதிரி உடைக்கு இந்த நாட்டில் நீண்ட கதை உண்டு. 1877-இல் மோஸ் என்ற ஊரில் ஹெல்லி யூல் ஹான்சன் என்ற கப்பல் தலைவரும் அவர் மனைவியும் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கு உடை தைத்து விற்கத் தொடங்கினார்கள். இன்று எண்ணெய்க்குப் பதில் பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோட்டின் கைகள் ஏற்கெனவே குழாய் வடிவில் இருப்பது பெரிய வசதி. இடது கையை மணிக்கட்டு நுனியிலிருந்து 55 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். குறுகலான மணிக்கட்டுப் பக்கம் லென்ஸின் முன்பக்கத்துக்கு. அகலமான தோள்பக்கம் கேமரா உடலுக்கு. மணிக்கட்டில் ஏற்கெனவே இருக்கும் வெல்க்ரோ பட்டை லென்ஸ் ஹுட்டைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். ஹுட்டின் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. பின்னால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அகலக் கோணத்தில் படத்தின் மூலை கறுக்கும்.

வலது கையிலிருந்து 30 செ.மீ. வெட்டி எடுத்து, முதல் குழாயின் வலப்பக்கத்தில் கீழ்நோக்கிச் சாய்வாக இணைத்தேன். படம் எடுக்கிற கை நுழைவது இதன் வழியாகத்தான். சாய்வு முக்கியம். வாய் கீழே பார்த்திருந்தால் நாம் போட்டிருக்கும் கோட்டில் வழிகிற நீர் முழங்கைப் பக்கமாகவே சொட்டிவிடும். நேராக வைத்துத் தைத்தால் அதே நீர் கையோடு உள்ளே ஓடி வரும்.

தையலில் கவனிக்க வேண்டியது, பூச்சுத் துணியில் ஒரு முறை விழுந்த ஓட்டை மூடாது என்பது. குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். தையல் நீளம் 4 மி.மீ. வைத்தேன், நெருக்கித் தைத்தால் தபால்தலைத் தாளைப் போல அந்த வரியிலேயே கிழிந்துவிடும். பாலியெஸ்டர் நூல். தைத்து முடித்ததும் உட்பக்கத்தில் தையல் முழுவதும் பாலியூரிதேன் பசையைப் பூசி ஒரு நாள் காயவிட்டேன். சிலிக்கான் பூசிய துணியென்றால் சிலிக்கான் பசை மட்டும்தான் ஒட்டும். வாங்கும் முன் கோட்டின் உள்பட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பசைமேல் கொஞ்சம் முகப் பவுடர் தூவினால் மடித்து வைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது.

கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கேமராவின் ரப்பர் கண்கிண்ணத்தைக் கழற்றி, துணியில் அதைவிடச் சிறிய துளை போட்டு, துணியை மேலே வைத்துக் கண்கிண்ணத்தைத் திரும்ப அழுத்தி மாட்டினால் துணி நடுவில் சிக்கிக்கொள்ளும். தனியாகப் பசையோ வளையமோ தேவையில்லை. துளையை முதலில் சின்னக் கீறலாகப் போட்டு, மாட்டிப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும்.

பின்திரைக்கு 10க்கு 12 செ.மீ. அளவில் ஒளிபுகும் ஜன்னல். சாப்பாட்டு மேசைமேல் விரிக்கிற பிவிசி தாள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது குளிரில் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். டிபியு என்ற ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் படலம் வாங்குங்கள். அது பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் வளையும். அடிப்பக்கத்தைத் தைத்து மூடவில்லை; சுருக்குக் கயிறு மட்டும் போட்டுத் தளர்வாக விட்டிருக்கிறேன். முழுக்க மூடினால் கையின் வெப்பமும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கி, மழை செய்யாததை வியர்வை செய்துவிடும்.

சோதனை குளியலறையில். கேமரா அளவில் ஒரு மரக்கட்டையைச் சமையலறைக் காகிதத்தால் சுற்றி, அதன்மேல் மைப்பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். நீரில் கரையும் மையாக இருக்க வேண்டும். உறையை மாட்டி ஷவருக்குக் கீழே 20 நிமிடம், நடுநடுவே திருப்பித் திருப்பி. வெளியே எடுத்தால் எங்கே மை கலைந்திருக்கிறதோ அங்கே ஓட்டை. என் உறையில் இரண்டு குழாய்களும் சேரும் மூலையில் மட்டும் கலைந்திருந்தது. மூன்று மடிப்பு ஒன்றுசேரும் இடத்தில் பசை எளிதில் இறங்காது. அங்கே இன்னொரு பூச்சு கொடுத்து, மறுபடி சோதித்த பிறகுதான் கேமராவை உள்ளே வைத்தேன். எந்த உறையையும், கடையில் வாங்கியதாக இருந்தாலும், இப்படிப் பார்க்காமல் மழைக்குக் கொண்டுபோகக் கூடாது.

முக்காலிக்கு அரை மணி நேர வேலை. அலுமினியக் கால் கையிலிருக்கும் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும், கையுறை ஈரமாக இருந்தால் இன்னும் வேகமாக. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நுரைக் கவசத்தை நீளவாக்கில் பிளந்து மேல்கால்கள் மூன்றிலும் மாட்டி, மேலே சைக்கிள் கைப்பிடி டேப்பைச் சுற்றிவிட்டேன். தோளில் சுமக்கவும் மெத்தென்று இருக்கிறது.

இனி கை. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஓர் ஈழத் தமிழர். 1980களில் நார்வேக்கு வந்த ஈழத் தமிழர் பலர் வடக்கே ஃபின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள்; அவரும் அப்படிப் பல காலம் நாள் முழுக்க ஐஸும் மீனும் அளைந்தவர். நான் தடித்த பனிச்சறுக்குக் கையுறையோடு நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மொத்தமாப் போட்டுப் பிரயோசனம் இல்லை. உள்ளுக்கு ஒண்டு, வெளியில ரப்பர் ஒண்டு. உள்ளுக்குப் போட்டது நனைஞ்சா உடன மாத்த வேணும். கை விறைச்சாப் பிறகு சூடாக்கிறது லேசில்லை, விறைக்க முதலே பாக்கோணும்."

அதில் எல்லாம் அடங்கிவிட்டது. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தடித்த கையுறையின் பஞ்சு நனைந்துவிட்டால் அது வெறும் ஈரத்துணி. அதோடு, உடம்பு குளிர்ந்தால் மூளை முதலில் விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றப் பார்க்கும். அதனால் விரல் சூடு உண்மையில் நடு உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே ஒரு கம்பளிச் சட்டை கூடுதலாகப் போடுவது, எந்தக் கையுறையையும்விட விரலுக்கு நல்லது. பருத்திப் பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயவே காயாது.

அடுத்தது மணிக்கட்டு. அங்கே இரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் திறந்திருந்தால் விரலுக்குப் போகும் இரத்தம் அங்கேயே குளிர்ந்துவிடும். குதிகால் தேய்ந்த கம்பளிக் காலுறையின் மேல்பகுதியை 12 செ.மீ. வெட்டி, கட்டைவிரலுக்கு ஒரு துளை போட்டால் மணிக்கட்டு உறை தயார். வெட்டிய நுனி பிரியாமல் ஊசிநூலால் ஒரு சுற்று. நான் செய்தவற்றில் குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

கையில் நான் போடும் அடுக்கு இப்படி: மணிக்கட்டு உறை, அதன்மேல் மெரினோ கம்பளியில் மெல்லிய கையுறை. மழை வலுத்தால் அதன்மேல் ஒரு அளவு பெரிய நைட்ரில் கையுறை, மருத்துவமனையில் போடுகிற அதே வகை. பட்டன்களின் ஸ்பரிசம் தெரியும், நீர் இறங்காது. ஆனால் வியர்வை உள்ளேயே தங்குவதால் நீண்ட நேரம் போட்டிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் வெளியே ஷோவா 282. மீனவர்கள் போடும் நீல நிறக் கையுறை, உள்ளே மென்மயிர் வைத்தது. நடக்கும்போதும் காத்திருக்கும்போதும் அது கையில் இருக்கும். படம் எடுக்கும்போது கழற்றினால் விழாமல் இருக்க இரண்டையும் கயிற்றில் கோத்துக் கோட்டின் கைகளுக்குள் விட்டிருக்கிறேன். இங்கே குழந்தைகளுக்கு அப்படித்தான் கட்டிவிடுவார்கள், பெரியவர்களும் கூச்சப்படாமல் கட்டிக்கொள்ளலாம்.

உறையின் கைக்குழாய் இங்கேதான் பயன்படுகிறது. குழாய்க்குள் காற்றும் இல்லை, மழையும் இல்லை என்பதால் வலக்கைக்கு மெல்லிய கையுறை மட்டும் போதும். புறங்கை படும் இடத்தில் சின்னப் பை ஒன்று தைத்து, அதில் சூட்டுப் பொட்டலம் ஒன்றை வைக்கிறேன். அந்தப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி. இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் வெப்பம்தான் அது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். முழுக்க மூடிய பையிலோ நனைந்த பையிலோ வைத்தால் அணைந்துவிடும். உறையின் அடியைத் தளர்வாக விட்டதற்கு இது இன்னொரு காரணம். பாதியில் வேலை முடிந்துவிட்டால் பொட்டலத்தைக் காற்று நீக்கிய ஜிப் பையில் போட்டு மூடினால் மிச்சச் சூட்டை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மெல்லிய கையுறையில் மாற்று ஜோடிகள் நிறைய எடுத்துப்போகிறேன். ஈரமானதைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்தால் மெல்லக் காயும். விரல் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனால் அன்றைய படம் முடிந்தது. கையை அக்குளில் வைத்துக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். மரத்த கையைச் சுடுநீரில் வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். அந்த நிலைக்கு முன்பே கையை அகலமாகச் சுழற்றினால் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பார்ப்பதற்கு எப்படி இருந்தாலும் வேலை செய்கிறது.

இந்த உறைக்கும் கையுறைக்கும் கடுமையான சோதனை நார்வேயின் வடக்கே உள்ள லோஃபோட்டன் தீவுகளில். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும் கடல் நீரோட்டத்தால் அங்கே குளிர்காலம் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பாரென்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் முட்டையிட வரும் பருவம். பிடித்த மீனை உப்பே போடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காற்றில் காயவைக்கிறார்கள். அழுகாத அளவு குளிரும் உறையாத அளவு வெதுவெதுப்பும் அந்தக் கருவாட்டுக்குத் தேவை. கேமராவுக்கும் கைக்கும் மிக மோசமானதும் அதே வானிலைதான்.

அங்குள்ள ஹென்னிங்ஸ்வர் துறைமுகத்தில் மழையோடு உப்புத் தூவானமும் சேர்ந்துகொள்ளும். லென்ஸ் முகப்பில் துளி விழுந்தால் மைக்ரோஃபைபர் துணி ஒரு சில துடைப்பில் நனைந்து, பிறகு பூசி மெழுகத் தொடங்கிவிடும். நான் அதற்குப் பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி வேட்டித் துண்டுகளை உள்ளங்கை அளவில் வெட்டி வைத்திருக்கிறேன். முதலில் அதனால் துளியை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. உப்புப் பொடி கீறும். கடைசி மெருகுக்கு மட்டும் மைக்ரோஃபைபர். முன்னால் ஒரு யுவி ஃபில்டர் இருந்தால் கவலை குறையும். சில லென்ஸ்களில் முன்பக்க அடைப்பே ஃபில்டர் போட்டால்தான் முழுமையாகும். ஜூம் நீண்டிருக்கும் நிலையில் நனைந்தால் குழாயைத் துடைத்துவிட்டே சுருக்குங்கள். மழைக்குள் லென்ஸ் மாற்றுவதில்லை, எவ்வளவு நல்ல படம் போனாலும் சரி.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக: குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடுவதால் தீர்ந்ததுபோல் காட்டும், சூடானால் மிச்சம் திரும்பி வரும். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்போடு. மாற்றும்போது கேமராவை உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அடியிலிருந்து மாற்றலாம்.

அதிக சேதம் நடப்பது வெளியில் அல்ல, வீட்டு வாசலில். 21 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 7 டிகிரி. ஒரு டிகிரியில் இருந்த கேமராவை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் அறைக் காற்றின் ஈரம் அதன்மேல் வடியும். உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வெளியில் மழையிலிருந்து தப்பிய சர்க்யூட் பலகை இங்கே நனையும். அதனால் வாசல் கூரைக்குக் கீழேயே நின்று, கேமராவை ஒற்றித் துடைத்து, உப்புப் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, மெமரி கார்டையும் பேட்டரியையும் வெளியே எடுத்துவிட்டு, கேமராவை ஜிப் பையில் காற்று நீக்கி மூடுகிறேன். உள்ளே வந்ததும் பையின் வெளிப்புறம்தான் வியர்க்கும். பையும் கேமராவும் அறைச் சூட்டுக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கார்டை முன்பே எடுத்துவிட்டதால் படம் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறக்கும் ஆசையும் வராது.

பிறகு கேமராவின் எல்லாக் கதவுகளையும் திறந்து அறையில் உலரவிட்டு, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அரை கிலோ சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நனைந்த போனை அரிசியில் புதைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அரிசி காற்றின் ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, அதன் தூள் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். ஐஃபோனுக்கு அப்படிச் செய்ய வேண்டாமென்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. ஜெல்லில் ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நீல வகையில் நிறத்துக்காகச் சேர்ப்பது கோபால்ட் குளோரைடு, அது புற்றுநோய் அபாயம் உள்ளது. ஆரஞ்சு பச்சையானால் ஓவனில் 110 டிகிரியில் சில மணி நேரம் பரப்பி வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அதற்குமேல் சூடேற்றினால் நிறப்பொருள் கெட்டுவிடலாம். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பத மானி ஒன்று இருக்கிறது. 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. ஈரமான கேமராப் பையை மட்டும் அந்த டப்பாவுக்கு அருகிலும் வைப்பதில்லை. அது தனியாகக் குளியலறைக் கம்பியில், கையுறைகளோடு, வாய் திறந்து தொங்கும்.

அடுத்து தைக்கப்போகும் உறையில் இடது கைக்கும் ஒரு குழாய் வைக்கிறேன். இப்போது ஜூம் வளையத்தைத் துணிக்கு வெளியிலிருந்து திருப்ப வேண்டியிருக்கிறது, அந்தக் கைதான் முதலில் விறைக்கிறது. அதே கோட்டில் மிச்சமிருக்கும் முதுகுத் துணி அதற்குப் போதும். மணிக்கட்டு வெல்க்ரோ மட்டும் தனியாக வாங்க வேண்டும்.